கெல்லரில் பொரித்த பணியாரம்

அத்தியாயம் பதினொன்று

விமலநாதன் வெள்ளைச் சேட்டு எடுத்துப் போட்டால் அன்றைக்கு வீட்டில் ஏதோ முடிவாகப்போகிறது என்று அர்த்தம். அந்தச் சனிக்கிழமை காலை ஏழரைக்கே போட்டுவிட்டார். கழுத்துப் பொத்தானையும் பூட்டிக்கொண்டு, கண்ணாடிக்கு முன்னால் நின்று தொண்டையைச் செருமினார்.

"பத்தரைக்குக் கார்த்திகன் வாறான். மத்தியானத்துக்குள்ள கையெழுத்தை வைச்சிட்டால் அக்காவுக்குப் போன் எடுத்துச் சொல்லிப்போடலாம்," என்றார்.

"பதினொண்டரைக்கு மிதுசா வாறா, அப்பா," என்று மகள் கஜந்தியின் குரல் அறைக்குள்ளிருந்து வந்தது. "மறந்துபோனீங்களோ?"

"மறக்கேல்லை. வந்து பாத்திட்டுப் போகட்டும்."

"பாத்திட்டுப் போறதுக்கு எங்கட வீடென்ன மிருகக்காட்சிச்சாலையோ?"

குணேஸ்வரி தேத்தண்ணிக் கோப்பையைக் கணவனின் முன்னால் வைத்தாள். எட்டு மாதமாக அவள் சொல்லாமல் விட்டவை நிறைய.

கூடவே வரும் வாசகர்களுக்கு எல்லாம் தெரியும். புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு சில வரிகள். ஊன்ட்றொப்பில், கால்வாய்ப் பக்கமாக இருந்த இவர்களுடைய வீடு போன மாசி மாதம் எரிந்தது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை; கூரையும் மேல்மாடியும் போய்ச் சுவர்கள் மட்டும் மிஞ்சின. பெர்லின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் ஒரே ஒரு பையோடு வந்து இறங்கிய விமலநாதன் முப்பது வருடம் கம்பித் தொழிற்சாலையில் மாடாய் உழைத்துக் கடன் அடைத்த வீடு அது. இப்போது ஹம் நகரத்தில் மூன்றாம் மாடி வாடகை வீட்டில் அவரும் மனைவியும் மகளும். மகன் நிஷாந்தன், நெருப்புப் பிடித்த அன்று காலைதான் தன் பெட்டிகளைத் தெரிந்த ஒருவரின் காரில் ஏற்றிக்கொண்டு கார்ல்ஸ்ரூஹேயில் கிடைத்த வேலைக்குப் போயிருந்தான். அதற்குப் பிறகு அவன் வீட்டுப் பக்கம் வரவேயில்லை. கேட்டால் "வேலை அம்மா" என்பான்.

இனி வீட்டைத் திரும்பக் கட்டவேண்டும். யாரை வைத்துக் கட்டுவது என்பதில்தான் தகராறு. விமலநாதனின் ஆள் கார்த்திகன்: அவருடைய அக்கா சுகன்யாதேவியின் மகன், டோட்முண்டில் கட்டடக்கலைஞன், கண்ணாடிக் கட்டடங்களில் பெயர் எடுத்தவன். அக்காவுக்கு வாக்கும் கொடுத்தாகிவிட்டது. கஜந்தியின் ஆள் மிதுசா பேனாட்: அவளும் கட்டடக்கலைஞர், இங்கேயே பிறந்து வளர்ந்த கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை, சோஸ்ட்டில் எரிந்துபோன ஒரு பாலர் பாடசாலையை மரத்தாலும் களிமண்ணாலும் திரும்பக் கட்டியவள்.

"வேதக்காரப் பிள்ளை. அதுக்கு எங்கட வீட்டுப் பழக்கவழக்கம் என்ன தெரியும்?" என்று விமலநாதன் தேத்தண்ணியை உறிஞ்சியபடி கேட்டார்.

குணேஸ்வரியின் ஆள் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் வாய் திறந்திருப்பாளோ தெரியாது. ஏனென்றால் வாயைத் திறந்தால் முதலில் வேறொன்று வந்துவிடும்.

ஜெர்மனியில் எங்கள் ஆட்களின் வீடுகளில் அநேகமாக இரண்டு குசினி இருக்கும். மேலே இருப்பது வருகிறவர்களுக்குக் காட்ட. கெல்லர் என்று எல்லோரும் சொல்லும் நிலவறையில், பழைய அடுப்பொன்றோடு இருப்பது பொரிக்க. மேலே பொரித்தால் வாசம் ஜக்கெற்றுகளில் ஏறும். அந்த ஜக்கெற்றோடு பஸ்ஸில் போனால் பக்கத்தில் இருப்பவர் எழும்பிப் போவார். ஆகவே கீழே. ஆனால் இந்தக் கீழ்க் குசினியைப் பற்றி வெளியில் யாரும் மூச்சுவிடுவதில்லை.

கார்த்திகனின் மகளுடைய பூப்புச் சடங்கான சாமத்தியவீட்டுக்கு எட்டு நாள் இருக்கையில் குணேஸ்வரி அந்தக் கெல்லரில்தான், பாசிப்பயறு மா உருண்டைகளைப் பிடித்து, பயத்தம் பணியாரம் பொரித்துக்கொண்டிருந்தாள். பலகாரத்தில் அவளுடைய பங்கு அது. மேலே ரெலிபோன் அடித்தது. போனாள். திரும்பி வரும்போது மாடிப்படி முழுக்கப் புகை.

தீயணைப்புப் படையின் அறிக்கையிலும் காப்புறுதிக் கடிதங்களிலும் எண்ணெய் என்றுதான் எழுதியிருந்தது. ஆனால் சொந்தபந்தத்துக்கு விமலநாதன் சொன்னது வேறு. "கரண்ட் கோளாறு." நல்ல காரியத்துக்குப் பொரித்த பலகாரத்தால் வீடு எரிந்தது என்று தெரிந்தால் அந்தப் பிள்ளையின் சடங்குக்கு ஒரு கரி பூசினமாதிரி ஆகிவிடும் என்று நினைத்தார். மனைவியை ஒருவரும் ஒரு சொல் சொல்லக்கூடாது என்றும் நினைத்தார். நல்ல மனிதர்தான். சடங்கு சிறப்பாக நடந்தது. பொய்யும் அப்படியே இறுகிவிட்டது.

அன்றிலிருந்து குணேஸ்வரி அடுப்பில் எண்ணெய் வைக்கவில்லை. கடுகு தாளிக்கக்கூடக் கை போகவில்லை. வேலை செய்யும் முதியோர் இல்லத்துக் குசினியிலும் பொரியலைப் பக்கத்தில் நிற்பவளிடம் தள்ளிவிட்டு உருளைக்கிழங்கு அவிப்பாள்.

*

எரிந்த வீட்டில் அவர்கள் போய்க் காத்திருக்க, பத்தரைக்கு வருகிறேன் என்ற கார்த்திகன் பதினொன்று இருபத்தைந்துக்கு வந்தான். ஓட்டோபானில் நெரிசலாம். சொந்தக்காரனுக்கு நேரம் குறித்துக்கொடுத்தால் மரியாதையில்லை என்று விமலநாதனும் "ஆறுதலா வா" என்றுதான் சொல்லியிருந்தார். பதினொன்றரைக்கு வரவேண்டிய மிதுசா ஐந்து நிமிடம் முந்தி, ஸ்டேஷனிலிருந்து சைக்கிளில் வந்து இறங்கினாள். போயிருக்க வேண்டியவனும் வரவேண்டியவளும் ஒரே வாசல் படலையில் முட்டிக்கொண்டார்கள்.

விமலநாதனின் முகம் போன போக்கைப் பார்த்துக் கஜந்தி சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

எரியாமல் தப்பிய தோட்டத்து மேசையில் கார்த்திகன் படத்தை விரித்தான். பொய் சொல்லக்கூடாது, அழகான வீடு. கீழ்த்தளம் முழுக்க ஒரே மண்டபம். நடுவில் பளிங்குக் கல் போட்ட திறந்த குசினி. கால்வாயைப் பார்த்தபடி முழுச் சுவருக்கும் கண்ணாடி. கூரையில் சூரிய மின்தகடுகள்.

"கரண்ட் வேலை முழுக்கப் புதுசு, மாமா. அறைக்கறை தனித்தனிப் பாதுகாப்பு. இனி ஒரு பொறி பறந்தாலும் தானாவே நிண்டுபோம்," என்றான். "மாமி, உங்களுக்கு இனிப் பயமே வேண்டாம்."

கரண்ட் என்ற சொல் வரும்போதெல்லாம் குணேஸ்வரி படத்திலிருந்து கண்ணை எடுத்தாள். நல்ல பெடியன் இவன். வீடு எரிந்த அன்று இரவே தன் கட்டிலைக் கழற்றி ஏற்றிக்கொண்டு வந்தவன். அவனைக் கொண்டு இல்லாத நெருப்புக்கு வீட்டுப் படம் கீற வைத்துவிட்டோமே என்று நினைத்தாள்.

"நீங்கள் ஒண்டும் கீறிக்கொண்டு வரேல்லையோ, பிள்ளை?" என்று விமலநாதன் மிதுசாவிடம் கேட்டார். குரலில் சர்க்கரை கொஞ்சம் கூடவே இருந்தது.

"இல்லை, அங்கிள். நான் இன்னும் வீட்டைப் பாக்கேல்லையே."

மிதுசா கார்த்திகனின் படத்தைக் குனிந்து, நேரமெடுத்துப் பார்த்தாள். வெளிச்சம் வரும் விதம் நன்றாக இருக்கிறது என்று மனமாரச் சொன்னாள். பிறகு நிமிர்ந்து, ஜெர்மன் ஓசை கலந்த தமிழில், சொல் சொல்லாகக் குணேஸ்வரியிடம் கேட்டாள்:

"அன்ரி, நீங்கள் எங்க பொரிக்கிறனீங்கள்?"

கால்வாயில் ஒரு சரக்குப் படகு போனது.

"நாங்கள் இப்ப பொரிக்கிறேல்லை," என்றார் விமலநாதன் அவசரமாக. "கொலஸ்ரோல்."

"இப்ப ஆர் பொரிக்கினம்?" என்று கார்த்திகன் சிரித்தான்.

"எங்கட அம்மா பொரிக்கிறவ," என்றாள் மிதுசா. "நத்தாருக்கு நாலு நாள். கெல்லரில. மேல கேக் வாசம், கீழ முறுக்கு வாசம். சின்னனில எனக்குக் கீழதான் விருப்பம்."

அவள் குணேஸ்வரியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் வரும் வரை நின்று கேட்பவள் பார்க்கும் பார்வை. எட்டு மாதத்தில் எத்தனையோ பேர் குணேஸ்வரியிடம் 'என்ன இழந்தனீங்கள்' என்று கேட்டிருந்தார்கள். அவள் அந்த வீட்டில் என்ன செய்தாள் என்று கேட்டது இந்தப் பிள்ளை ஒன்றுதான்.

"கீழ," என்றாள் குணேஸ்வரி. "கெல்லரில."

"குணேஸ்..." என்றார் விமலநாதன்.

"இல்லை, இஞ்சாருங்கோ. இண்டைக்கு நான் கதைக்கிறன்." கார்த்திகன் பக்கம் திரும்பினாள். "தம்பி கார்த்திகன், நெருப்பு கரண்டில வரேல்லை. என்ர எண்ணெய்த் தாச்சியில வந்தது. பணியாரம் பொரிச்சனான். தாச்சியை அடுப்பில விட்டிட்டுப் போன் எடுக்கப் போனனான். உன்ர மகளின்ர சாமத்தியவீட்டுக்குப் பொரிச்ச பணியாரம். உங்கட மனம் நோகப்படாதெண்டு மாமா பொய் சொன்னவர். நானும் பேசாமல் இருந்திட்டன்."

சொல்லிவிட்டாள். வானம் இடிந்து விழவில்லை.

கார்த்திகன் தோட்டத்துக் கதிரையில் மெல்ல உட்கார்ந்தான். மாமியைப் பார்த்தான், தன் படத்தைப் பார்த்தான்.

"அப்ப நான் வேற ஆரின்ரயோ வீட்டையெல்லோ கீறிக்கொண்டு வந்திருக்கிறன்," என்றான்.

முகம் சிவந்து விமலநாதன் மனைவி பக்கம் திரும்பினார். "உன்னைக் காப்பாத்தத்தானே அப்பிடிச் சொன்னனான்?"

"ஓம். காப்பாத்தினீங்கள்," என்றாள் குணேஸ்வரி. "அதை நான் மறக்கமாட்டன். ஆனா எட்டு மாசமா என்னைக் கதைக்க விடேல்லை. உள்ளுக்கையே வைச்சு எரிஞ்சுகொண்டு இருந்தனான்."

விமலநாதன் கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டார்.

"அன்ரி," என்றாள் மிதுசா. "எனக்குக் கெல்லரைக் காட்டுவீங்களோ?"

*

நெருப்புக்குப் பிறகு குணேஸ்வரி அந்தப் படிகளில் இறங்கியதில்லை. தோட்டத்துப் பக்கத்து வெளிப்படியால் இறங்கினார்கள். கஜந்தி தாயின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் விமலநாதன். அவருக்குப் பின்னால், இதுவரை படங்களை மட்டும் பார்த்து அளவெடுத்த கார்த்திகன், நல்ல சப்பாத்தோடு.

சுவரெல்லாம் கறுப்பு. அடுப்பு ஒரு இரும்புக் கூடாகக் கிடந்தது. இரண்டு ஜன்னல்களையும் அகற்றியிருந்ததால் வெளிச்சம் இருந்தது. மிதுசா கைவிளக்கை எடுத்து, அடுப்பிலிருந்து தொடங்கி, சுவர், கூரை, கதவு என்று நெருப்புப் போன வழியே நடந்தாள். ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பார்த்தாள்.

தலைக்கு மேலே ஒரு தடித்த உத்தரம் கருகிக் கிடந்தது. சட்டைப்பையிலிருந்து சின்னக் கத்தியை எடுத்து அதைச் சுரண்டினாள். ஒரு விரற்கடை கறுப்புக்கு உள்ளே மஞ்சள் மரம் தெரிந்தது.

"பாருங்கோ, அங்கிள். தடிச்ச மரம் மேலால கருகும். உள்ளுக்க நிக்கும். மெல்லிய சலாகையள்தான் போகும். மேல்மாடியைத் தடிச்ச மரத்திலதான் கட்டவேணும் எண்டு நான் சொல்லுவன். அதுக்கு மேல களிமண் பூச்சு. களிமண் எரியாது."

"எரிஞ்ச வீட்டில திரும்பவும் மரமோ?" என்று கேட்க வாயெடுத்த விமலநாதன், மஞ்சள் மரத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

வீட்டு மாடிப்படியை நோக்கிப் போகும் இரும்புக் கதவுக்கு முன்னால் மிதுசா நீண்ட நேரம் நின்றாள். கதவு அகலத் திறந்தபடி இருந்தது. நிலையின் உள்விளிம்பில், கதவு வந்து பொருந்தும் இடத்தில், விளக்கைப் பிடித்தாள்.

"இந்தக் கதவு தானாச் சாத்திப் பூட்டுற கதவெல்லோ?"

"ஓம்," என்றாள் கஜந்தி.

"பூட்டியிருந்தால் இந்த விளிம்பு வெள்ளையா இருக்கவேணும். இஞ்ச உள்ளுக்க வரைக்கும் கரி." குனிந்தாள். கதவின் அடியில் ஒரு செங்கல். அதைத் தூக்கினாள். ஐந்து பக்கமும் கறுப்பு; நிலத்தோடு கிடந்த பக்கம் மட்டும் சிவப்பு. "நெருப்பு வரேக்க கதவு திறந்து இருந்திருக்கு. ஆரோ கல்லு வைச்சிருக்கினம்."

"அது தண்ணிப் போத்தில் பெட்டியள் ஏத்தேக்க நாங்கள் வைக்கிற கல்லு," என்றார் விமலநாதன். "ஆனா அண்டைக்கு நான் வேலையில."

"நான் பூட்டினனான்," என்றாள் குணேஸ்வரி. அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. "போன் எடுக்க ஏறேக்க பூட்டிப்போட்டுத்தான் போனனான். இருபத்தாறு வருசமாப் பூட்டுறன். வாசம் ஜக்கெற்றில ஏறிப்போம் எண்டு."

மிதுசா செங்கல்லைக் கீழே வைத்துவிட்டு அவள் அருகில் வந்தாள்.

"அன்ரி, வடிவாக் கேளுங்கோ. கதவு பூட்டியிருந்தால் இந்த அறை எரிஞ்சிருக்கும். அடுப்பு போயிருக்கும். மேல புகைமணி அடிச்சிருக்கும். வீடு நிண்டிருக்கும். எண்ணெய் பத்தினது உங்கட பிழையா இருக்கலாம். வீடு எரிஞ்சது உங்கட பிழை இல்லை."

குணேஸ்வரிக்கு அழுகை வந்தது. முகத்தை மறைக்காமல், சத்தமாகவே அழுதாள். எட்டு மாதமாக முழு வீட்டையும் தலையில் தூக்கிக்கொண்டு திரிந்தவளுக்கு இப்போது ஒரு தாச்சி மட்டும்தான் மிச்சம். ஒரு தாச்சியைத் தூக்க அவளால் முடியும். விமலநாதன் பக்கத்தில் வந்து நின்று, என்ன செய்வதென்று தெரியாமல், வெள்ளைச் சேட்டுக் கையால் அவளுடைய முகத்தைத் துடைத்தார். சேட்டுக் கையெல்லாம் கரி.

*

மேலே வந்ததும் கார்த்திகன் தன் படத்தைச் சுருட்டினான். தோற்ற முகம் இல்லை, வேலையில் இறங்கியவனின் முகம்.

"மாமி, செவ்வாய்க்கிழமைக்குள்ள திருத்திக்கொண்டு வாறன். பொரிக்கிறதுக்குத் தனி அறை போடலாம். அது ஒரு பெரிய வேலையில்லை."

விமலநாதனின் முகம் மலர்ந்தது. கொடுத்த வாக்கும் நிற்கும், அக்காவும் கோபிக்கமாட்டாள். "அப்ப முடிஞ்சுதே," என்று கையைத் தட்டினார்.

"முடியேல்லை," என்றாள் குணேஸ்வரி. முகத்தைக் கழுவிவிட்டு வந்திருந்தாள். மேசையின் தலைமாட்டுக் கதிரையில், வழக்கமாக விமலநாதன் இருக்கும் இடத்தில், போய் இருந்தாள். "ரெண்டு பேரிட்டையும் ஒரு கேள்வி. புது வீட்டில நான் பொரிச்சுக்கொண்டு நிக்கிறன். போன் அடிக்குது. நான் தாச்சியை விட்டிட்டுப் போறன். என்ன நடக்கும்?"

கார்த்திகன் அன்போடுதான் சொன்னான். "மாமி, இனிமேல் அப்பிடி விட்டிட்டுப் போகக்கூடாது. கவனமா இருக்கோணும்."

குணேஸ்வரி தலையாட்டினாள். தனக்குத்தானே எட்டு மாதமாக அவள் சொல்லிக்கொண்டதும் அதைத்தான். பிறகு மிதுசாவைப் பார்த்தாள்.

"நீங்கள் போவீங்கள், அன்ரி," என்றாள் மிதுசா. "எங்கட அம்மாவும் போறவ. நானும் போவன். மனிசர் மறப்பினம். அதை நினைச்சுத்தான் வீட்டைக் கட்டவேணும்."

"சரி. போறன். என்ன நடக்கும்?"

"எண்ணெய் சூடு கூடினால் அடுப்பு தானே நிக்கும். நிக்காமல் பத்தினாலும் அந்த அறைக்குள்ளயே எரிஞ்சு அடங்கும். வீடு எரியாது." மிதுசா முழங்காலில் கொப்பியை வைத்துக் கீறத் தொடங்கினாள். "கெல்லரில வேண்டாம். நிலமட்டத்தில, வடக்குப் பக்கமா, வீட்டோட ஒட்டி ஒரு அறை. இந்த வீட்டில மிஞ்சின செங்கல்லிலயே கட்டலாம். புதுசா வாங்கத் தேவையில்லை. தோட்டத்துக்கு ஒரு கதவு, வீட்டுக்குள்ள ஒரு கதவு. பெரிய ஜன்னல். ஒளிச்சு வைச்சுப் பொரிக்கத் தேவையில்லை, அன்ரி."

"உள்ளுக்க போற கதவுக்கு மனிசர் கல்லு வைச்சால்?" என்று கேட்டார் விமலநாதன். கேட்டது அவர்தான்.

"வைப்பினம், அங்கிள். தண்ணிப் பெட்டி தூக்குறவை வைக்கத்தானே வேணும்? அதால கல்லுக்குப் பதிலாச் சுவரில ஒரு காந்தம். கதவைத் திறந்து அதில சாத்திவிடலாம். புகை வந்தால் காந்தம் தானா விடும். கதவு தானாப் பூட்டும்."

கார்த்திகன் எட்டிப் பார்த்தான். கொப்பியை வாங்கி, திருப்பி, மறுபடி பார்த்தான்.

"இதை டோட்முண்டில ஆஸ்பத்திரிக்கு நானே போட்டிருக்கிறன்," என்றான். "வீட்டுக்குப் போடவேணுமெண்டு தோணேல்லை." பிறகு, பெரிய மனசு அவனுக்கு, மிதுசாவிடமே திரும்பிச் சொன்னான்: "நல்லாயிருக்கு."

குணேஸ்வரி கணவனிடம் கையை நீட்டினாள். "திறப்பைத் தாங்கோ."

எரிந்த வீட்டின் சாவிதான் அந்தத் திறப்பு. பூட்ட ஒரு கதவுகூட ஒழுங்காக இல்லாத வீட்டின் திறப்பை விமலநாதன் இன்னும் இடுப்புப் பட்டியில் கொளுவிக்கொண்டு திரிந்தார். அவர் அவளுடைய கையைப் பார்த்தார். அக்காவுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், நாற்பது வருடம் கூட வாழ்ந்தவள் மறு பக்கம். இரண்டு நிமிடம் பிடித்தது என்று சொன்னால் அது அவருக்கு மரியாதையாக இருக்கும். உண்மையில் அரை நிமிடம்கூட ஆகவில்லை. திறப்பைக் கழற்றி மனைவியின் உள்ளங்கையில் வைத்தார்.

அவள் அதை மிதுசாவிடம் கொடுத்தாள். "எப்ப வேணுமெண்டாலும் வந்து அளவெடு, பிள்ளை."

"அன்ரி, ஒப்பந்தம் தபாலில வரும். வாசிச்சு, யோசிச்சுப் போட்டு..."

"வாசிப்பன். யோசிச்சு முடிஞ்சுது."

கஜந்தி பாய்ந்து வந்து தாயைக் கட்டிப்பிடித்தாள். விமலநாதன் மிதுசாவை மேலும் கீழும் பார்த்தார். "வேதக்காரப் பிள்ளையெண்டாலும்," என்று தொடங்கி, மகளின் முறைப்பைப் பார்த்துவிட்டு, "நல்ல கேள்வி கேட்டனீர்," என்று முடித்தார்.

*

சுகன்யாதேவிக்கு யார் சொல்வது? விமலநாதனுக்கு ரெலிபோனைத் தொடவே பயம். "நான் சொல்லுறன், அம்மாதானே," என்றான் கார்த்திகன்.

"இல்லைத் தம்பி. என்ர மச்சாள். நான்தான் சொல்லவேணும்."

வீட்டுக்கு வந்ததும் குணேஸ்வரி எடுத்துச் சொன்னாள். எண்ணெய், பணியாரம், பொய், இன்றைய முடிவு, எல்லாம். விமலநாதன் சோபாவின் விளிம்பில் இருந்துகொண்டு நகத்தைக் கடித்தார்.

"எடி குணேஸ்," என்று கடைசியில் வந்தது சுகன்யாதேவியின் குரல். "என்ர கெல்லரில ரெண்டு தரம் பத்தினது. தெரியுமே உனக்கு? பெரிய மூடியால மூடி அமத்தினனான். கார்த்திகனுக்குச் சொல்லிப்போடாதை, வந்து அடுப்பைப் புடுங்கிப்போடுவான்."

குணேஸ்வரிக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பு வந்தது. அங்கேயும் சிரிப்பு. இரண்டு பெண்களும் ரெலிபோனைப் பிடித்துக்கொண்டு மூச்சு முட்டச் சிரித்தார்கள்.

"ஆனா என்ர பிள்ளையை விட்டிட்டு வேற ஆளைப் பிடிச்சதுக்கு நான் கோவம்தான்," என்றாள் சுகன்யாதேவி. "ஒரு மாசத்துக்குக் கதைக்கமாட்டன்."

"சரி மச்சாள். நாளைக்குப் போன் எடுக்கிறன்."

"எடு. பத்து மணிக்குப் பிறகு எடு."

நாலரை மணிக்கு அவள் மகனுக்கும் எடுத்தாள். வெற்றியை யாருக்காவது சொல்லாமல் இருக்க முடியவில்லை. நிஷாந்தன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். "நல்லது அம்மா, நல்லது," என்றான். பெரிய ஜன்னலைப் பற்றிச் சொன்னாள், காந்தத்தைப் பற்றிச் சொன்னாள்.

"நான் கதவு பூட்டினது சரிதான், தம்பி. பிறகு ஆரோ திறந்து கல்லு வைச்சிருக்கினமாம். அதாலதான் மேல ஏறினதாம்."

நிஷாந்தன் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த மௌனத்துக்குள்தான் அவளுக்கு நினைவு வந்தது. அன்றைக்கு அவள் மச்சாளோடு ரெலிபோனில் நிற்கையில் வாசலில் யாரோ பெட்டிகள் தூக்கிக்கொண்டு போகும் சத்தம். "போட்டுவாறன் அம்மா!" என்ற குரல். அவள் திரும்பிப் பார்க்காமலே கையை ஆட்டினாள். பெட்டிகள் எங்கே இருந்தன? கெல்லரின் மற்ற அறையில். பெட்டி தூக்குகிறவன் கல்லு வைக்காமல் எப்படித் தூக்குவான்?

எட்டு மாதம். "வேலை அம்மா." இவனும் ஒரு வீட்டைத் தலையில் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறான்.

"அம்மா," என்றான் நிஷாந்தன். குரல் சின்னப் பிள்ளையின் குரலாக இருந்தது. "நான் உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும்."

"மனிசர் மறப்பினம், ராசா," என்றாள் குணேஸ்வரி. "அதை நினைச்சுத்தான் வீடு கட்டுறம். நீ முதல்ல வீட்டுக்கு வா."

"நான் இன்னும் ஒண்டும் சொல்லேல்லையே, அம்மா."

"வந்து சொல்லு. எத்தினை மணிக்கு றெயின்?"

அவன் அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "நாளைக்குக் காலமை வெளிக்கிட்டால் மத்தியானம் நிப்பன். அம்மா... நான் தனிய வரேல்லை. அண்டைக்குக் காரோட வந்து பெட்டி தூக்கின ஆளும் வருது. அதையும் நீங்கள் கேக்கவேணும்."

"ஆரது?"

"வந்து சொல்லுறன்," என்றான். அம்மாவின் சொல்லை அம்மாவுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு வைத்துவிட்டான்.

குணேஸ்வரியும் ரெலிபோனை வைத்தாள். பிறகு குசினிக்குள் போனாள். அலுமாரியின் அடித்தட்டில், எட்டு மாதமாகக் கடதாசியில் சுற்றி வைத்திருந்த தாச்சியை எடுத்தாள். வாடகை வீட்டுக்கு வந்த நாளில் யாரோ பரிசாகத் தந்தது. கழுவி, துடைத்து, அடுப்பில் வைத்தாள். அதன் மூடியைக் கையெட்டும் தூரத்தில், வலப்பக்கமாக வைத்தாள்.

சத்தம் கேட்டு விமலநாதன் வந்து வாசலில் நின்றார். கஜந்தியும் வந்தாள்.

குணேஸ்வரி எண்ணெய்ப் போத்தலைத் திறந்தாள். தாச்சிக்குள் மெல்ல ஊற்றினாள்.

"அம்மா, வாசம் ஜக்கெற்றில ஏறும்," என்றாள் கஜந்தி மெதுவாக, கண் கலங்க.

"ஏறட்டும்," என்றாள் குணேஸ்வரி. "பயத்தம் மாவை எடு. நாளைக்கு ஒரு ஆள் கூட வருதாம், உருண்டை கொஞ்சம் கூடப் பிடி."

முதல் பணியாரம் எண்ணெயில் விழுந்து, ஒருமுறை ஆழ்ந்து, மேலே வந்து மிதந்தது. முன்னறையில் ரெலிபோன் அடித்தது. ஒருவரும் அசையவில்லை. குணேஸ்வரி அடுப்பை அணைத்தாள், தாச்சியை மூடினாள், ஆறுதலாகக் கையைத் துடைத்துக்கொண்டு ரெலிபோனை எடுக்கப் போனாள்.